குழாய் வைத்த அண்டா

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதில் ஓர் ஓட்டை போட்டு, ஏதாவது ஒன்றைச் சொருகிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்தை அரைத்துக் காயவைத்துத் தூளாக்குகிற ஸ்டோரில், அவர் மிஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டராக இருந்தார். அங்கே போட்ட ஓட்டைகளுக்குச் சம்பளம் கிடைத்தது. வீட்டில் போட்ட ஓட்டைகளுக்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் கொழுந்து பறிக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று லயத்தில் சொல்வார்கள். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை குடும்பங்கள் வரிசையாக இருக்கிற இடத்தில் வாய் இல்லாமல் பிழைக்க முடியுமா? பக்கத்துக் காம்பராவில் தும்மினால் எங்கள் காம்பராவில் விளக்கு ஆடும்.

எங்கள் வீட்டில் மதிப்பான பொருள் என்றால் அது ஒரு செம்பு அண்டாதான். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சீர். உள்ளே ஈயம் பூசி, இரண்டு பக்கமும் வளையம் வைத்து, விளிம்புக்குக் கீழே அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற பீலியில் குடம் குடமாகப் பிடித்து வந்து அதில்தான் நிரப்பி வைப்போம். லயத்தில் கல்யாணம், சடங்கு எதுவானாலும் என் அண்டா போகாமல் நடக்காது. இரவல் கேட்க வருகிறவர்கள் அன்றைக்கு மட்டும் என்னை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுவார்கள். அந்த மரியாதைக்காகவே நான் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பேன்.

அதை என் கல்யாணத்தின்போது சுமந்து வந்தவன் என் தம்பி. அம்மா வீடு இருந்த வட்டகொடையிலிருந்து ஹட்டன் வரை அண்டா ரயிலில் வந்தது. பிறகு பஸ்ஸில் வந்தது. பஸ் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற ஏற்றத்தில் மட்டும்தான் அவன் தலையில் இருந்தது. ஆனால் அவன் சொல்கிற கதையில் வட்டகொடையிலிருந்தே தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருப்பான். இடையில் மழை வேறு பெய்திருக்கும்.

தம்பி முறுக்குப் பேர்வழி. ஒரு கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணத்தைத் தனக்கு முன்னால் வேறொருவருக்கு நீட்டிவிட்டார்கள் என்று சாப்பிடாமல் எழுந்து போனவன். எங்கள் வீட்டோடும் அவனுக்கு வருத்தம் இருந்தது. அம்மா கடைசி மழைக்காலத்தை எங்கள் காம்பராவில்தான் கழித்தார். தேயிலை மலையில் சறுக்கி விழுந்ததில் வலது கை தூக்க வராமல் போய்விட்டது. அண்டாவுக்குப் பக்கத்தில், அடுப்புச் சூடு படுகிற இடத்தில் பாய் போட்டிருந்தோம். தம்பி ஒரு தடவை பார்க்க வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் போய்விட்டான். மகன் இருக்கும்போது தாய் மகள் வீட்டில் கிடக்கிறாளே என்று ஊர் பேசுகிற கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா போன பிறகு அவன் என் வீட்டுக்காரரோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

இனி துரையின் பீருக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர், ஒண்டிக்கட்டை. அறுபதுகளின் தொடக்கத்தில், கப்பலில் வருகிற சாமான்களை அரசாங்கம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தது. நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்றே முடிவாகாமல் கிடந்த காலம் அது. துரையின் போத்தலுக்கு மட்டும் இடம் கிடைத்துவிடுமா? நுவரெலியாவில் கிடைக்கிற பீரை அவர் குடிக்காமல் இல்லை. ஆனால் அவர் மனம் கேட்டது அவருடைய அப்பா வீட்டில் காய்ச்சுகிற கறுப்புப் பீரைத்தானாம். கொழும்பிலிருந்து மால்ட் டின்களை வரவழைத்தார். அவருடைய அண்ணன் சீமையிலிருந்து ஏதோ ஒரு கசப்புப் பூவைக் காயவைத்துப் பார்சல் அனுப்பினார். பாத்திரம் ஏற்பாடு செய்ய என் வீட்டுக்காரர் போய் ஒட்டிக்கொண்டார்.

முதல் நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் கல்யாணக் களை.

"புள்ள, பீர்னா என்னான்னு நெனச்ச? மால்ட்டக் காய்ச்சணும், கசப்புப் பூவப் போடணும், ஆற வச்சு ஈஸ்டு போட்டு மூடணும். அது உள்ளுக்குள்ளயே பொங்கி அடங்கும். வண்டல் அடியில தங்கும். மேல தெளிஞ்சத மட்டும் எடுக்கணும். அதுலதான் சிக்கல்."

"சிக்கல் அதுல இல்ல. ஒங்க மண்டையில," என்றேன்.

முதலில் பங்களாவில் குளிக்கத் தண்ணீர் காயவைக்கிற பாய்லரில் காய்ச்சினார்கள். பீரில் துரு வாசம் அடித்தது. துரை ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ரோஜாச் செடிக்கு ஊற்றச் சொன்னாராம். அந்த வருஷம் ரோஜா நன்றாகப் பூத்தது என்று பங்களாவில் சமைக்கிற கோக்கி சொன்னார். கோக்கி கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர். நல்ல மனிதர். தன் சமையலறைக்குள் இந்தக் கண்றாவி நுழைந்ததில் அவருக்கு என்னைவிடக் கோபம்.

அடுத்ததாக ஒரு எனாமல் வாளி. பொங்குவதெல்லாம் ஒழுங்காகப் பொங்கியது. ஆனால் தெளிந்ததை ஊற்ற வாளியைச் சாய்த்தால் அடி வண்டல் கலங்கி எல்லாம் சேறானது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்து, ஒரு நுனியை வாளிக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார். முதலில் உறிஞ்சி இழுத்தால்தான் ஓட்டம் பிடிக்குமாம். ஓட்டம் சரியாகப் பிடிக்கிறதா என்று அவர் பல தடவை பார்த்திருக்க வேண்டும். அன்று மாலை லயத்து வாய்க்காலைத் தாண்டும்போது, இல்லாத இன்னொரு வாய்க்காலையும் தாண்டினார். அவருக்குக் குடி கிடையாது என்று முதலில் சொன்னேனே, அதில் அந்த மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

குழாயால் இழுத்தும் வண்டல் வந்தது. பெரிய பாத்திரமாக வேண்டும், அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே திருகு குழாய் வைக்க வேண்டும், அப்போதுதான் வண்டல் கீழேயே தங்கும் என்று துரையும் அவரும் கலந்து பேசி முடிவுக்கு வந்தார்கள். இந்தப் பேச்சை என்னிடம் சொன்னபோதே நான் உஷாராகியிருக்கலாம். மழைக்கு ஒழுகுகிற கூரையைப் பற்றிய யோசனையில் இருந்துவிட்டேன்.

மறுநாள் மலையிலிருந்து நனைந்த கம்பளியோடு வந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றப் போனால், அண்டா இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

"அண்டா எங்க?"

"தொர பங்களாவுல இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு."

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"தொர கேட்டாரு. இல்லன்னு சொல்ல முடியுமா?"

துரை கேட்கவே இல்லை என்றும், இவராகத்தான் "எங்க வீட்டுல ஒண்ணு இருக்குங்க" என்று ஓடினார் என்றும் கோக்கி பிறகு சொன்னார். அன்று நான் பேசிய பேச்சு லயத்தின் கடைசிக் காம்பரா வரை கேட்டது. அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"ஓட்ட கீட்ட போட்டீங்களா?"

"சின்ன ஓட்டதான். அத்த பேருக்கு நேர் கீழ வச்சிருக்கேன். பாத்தா கோயில் கோபுரத்துக்கு வாசல் மாதிரி அம்சமா இருக்கும்."

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அந்த நேரத்தையும் பங்களாவிலேயே கழித்தார்.

ஸ்டோரில் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து கழற்றிய பித்தளைக் குழாயைத்தான் வைத்திருந்தார். ஒத்திகைக்கு ஊற்றிய தண்ணீரில் மிஷின் எண்ணெய் மிதந்தது. குழாயைக் கழற்றிச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்தார்கள். பிறகு ஒழுகியது. ஒழுகாமல் இடுக்கில் வைக்கிற வாசரை மாற்றினார்கள். பலகையில் ஒரு மூடி செய்து, அதில் ஓர் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயைச் சொருகி, அதன் நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டார்கள். அண்டாவுக்குள் பொங்குகிற காற்று குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. குமிழி வந்தால் பீர் வேலை செய்கிறது என்று அர்த்தம். துரை நாற்காலியைப் போட்டுப் போத்தலுக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளியே தென்மேற்கு மழை, பனிமூட்டம், எலும்பைக் குடைகிற குளிர். குமிழி வரவில்லை.

அந்த வாரம்தான் என் மகள் பெரியவளானாள்.

காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பின் ஒரு மூலையைப் பச்சைத் தழையால் மறைத்து அவளை உட்கார வைத்தோம். சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். அம்மா கொடுத்த அண்டாவில் மஞ்சள் தண்ணீர் நிரப்பி வாசலில் வைக்க வேண்டும். மாமன் வீட்டார் அதிலிருந்து மொண்டு பெண்ணின் தலைக்கு ஊற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. மாமன் கோபித்துக்கொண்டு போனால் சடங்கு நின்றுவிடும். வருகிறேன் என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே அண்டா ஞாபகம் வந்துவிட்டது. அதில் குழாய் இருப்பதை அவன் பார்த்தால் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவான்.

நேரே பங்களாவுக்குப் போனேன். பின்வாசலில் கோக்கி வழிவிட்டு, "போங்க நோனா, நல்லா ஏசுங்க," என்று காதோடு சொன்னார். சாமான் அறையில் என் அண்டா நின்றது. அம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு பித்தளை மூக்கு. எதிரே துரை, வாயில் அணைந்துபோன பைப்போடு உட்கார்ந்திருந்தார்.

"சலாம் தொர. என் அண்டாவக் குடுங்க. மக பெரியவளாயிட்டா. சடங்குக்கு வேணும்."

துரைக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்தது கொஞ்சம், கங்காணியிடம் கேட்டது கொஞ்சம், கோபம் வரும்போது தானாகவே உண்டாக்கியது மீதி.

"பீர் தூங்குறான்," என்றார் சோகமாக. "அவன் எழும்பட்டும். பொறகு நீ எடு."

"எப்பங்க எழும்பும்?"

"தெரியாது. குளிர். ரொம்பக் குளிர்."

சண்டை போடத்தான் போனேன். அண்டாவைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மகளுக்கு உளுந்தங்களி கிண்டவும் தோசை சுடவும் உளுந்து ஆட்டி ஆட்டி ஓய்ந்த கை என்னுடையது. வாய் சும்மா இருக்குமா?

"எங்க வீட்டுல தோச மாவுகூட இந்தக் குளிருல எழும்பாதுங்க, தொர. கம்பளியப் போத்தி அடுப்போரம் வப்போம். பழைய மாவுல ஒரு கரண்டி ஊத்துவோம். பொங்கிரும்."

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "பழைய மாவு?"

"புளிச்ச மாவுங்க."

"பீர்ல?"

கோக்கி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துரை போத்தலைப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. பெருமூச்சு விட்டு, "கொண்டா," என்றார்.

துரையின் பீர் எப்படிப் போனால் எனக்கென்ன? பொங்கி முடிந்தால் அண்டா காலியாகும், எனக்கு வேண்டியது அதுதான். ஒரு சொம்பு மாவையும் என் கம்பளியையும் கொண்டு போனேன். வளையங்களில் தடி கொடுத்து நாலு ஆட்கள் அண்டாவைச் சமையலறை அடுப்போரம் தூக்கி வைத்தார்கள். கரண்டி கொண்டு போக மறந்ததால் சொம்பையே கவிழ்த்தேன். என் வீட்டுக்காரர் தன் குழாயை மட்டும் கம்பளிக்கு வெளியே எடுத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. கோக்கி சொன்னதுதான். காலையில் ஒரு குமிழி. துரை கைதட்டினார். மத்தியானம் குமிழி குமிழியாக வந்தது. பிறகு மாவும் நுரையும் ஏறி ரப்பர் குழாயை அடைத்துவிட்டது. காற்றுக்கு வெளியே போக வழியில்லை. மூடி அசைகிறதே என்று கோக்கி அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். மூடி கூரைப் பலகையில் முட்டியது. குழவி அவித்த உருளைக்கிழங்குத் தட்டில் விழுந்தது. சமையலறை முழுக்க நுரை. துரை ஓடி வந்து, மீசையில் நுரை வழிய, "எழும்பிட்டான்! எழும்பிட்டான்!" என்று குதித்தாராம்.

எழுப்பியது மாவா கம்பளியா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அன்று தொடங்கிய தகராறு கடைசிவரை தீரவில்லை. கம்பளிதான் என்பது அவர் கட்சி. அப்படியானால் நுரை ஏன் வெள்ளையாக இருந்தது என்று நான் கேட்பேன்.

சில நாளில் அது அடங்கியது. குழாயைத் திருகிப் போத்தல்களில் பிடித்து இறுக்கமாக மூடினார்கள். வண்டல் ஒரு பொட்டும் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் மார்தட்டினார். அது உண்மைதான். ஆனால் கறுப்பாக இருக்க வேண்டிய பீர், பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. துரை ஒரு கிளாஸ் குடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "நல்லா இருக்கான்," என்றார். இரண்டாவது கிளாஸ் குடித்ததை யாரும் பார்க்கவில்லை. மீதிப் போத்தல்கள் அலமாரியில் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. கோக்கி வெங்காயம் எடுக்கப் போகும்போதெல்லாம் தலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனார்.

அண்டா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். குழாய் அண்டாவோடு சேர்கிற இடத்தில் கறுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னா?"

"வாசர்."

"எதுல செஞ்ச வாசர்?"

"தோல்ல."

"என்ன தோலு?"

"நல்ல தோலு."

"எங்க இருந்து வந்த தோலு?"

அவர் கூரையைப் பார்த்தார். "தொரையோட பழைய பூட்ஸு. சீமத் தோலு, புள்ள. லேசுல அழுகாது."

அம்மாவின் பெயருக்குக் கீழே பூட்ஸுத் தோல். அந்தத் தண்ணீரை என் மகள் தலைக்கு ஊற்ற வேண்டும். நான் ஏசவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் வாய்க்குப் பழகியவர் என் அழுகைக்குப் பழகவில்லை. அரண்டுபோய், அன்றைக்கே குழாயைக் கழற்றிவிட்டு, ஓட்டைக்குமேல் செம்புத் தகடு வைத்து ஈயம் உருக்கி அடைத்தார். குளிர்ந்த தண்ணீர் நின்றது. சடங்குக்கு ஊற்றுவது வெந்நீர் ஆயிற்றே என்று சோதித்துப் பார்த்தோம். ஒட்டு விட்டுக்கொண்டது. மறுபடி அடைத்தார்; மறுபடி விட்டது. அடுப்படி முழுக்கத் தண்ணீர். கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டிப் புது வாசர் செய்து, அதே குழாயை அதே இடத்தில் மாட்டினார். வெந்நீருக்கும் நின்றது. மூக்கில் மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு.

பிறகு என் வேலை. புளி, சாம்பல், எலுமிச்சை என்று தேய்த்தேன். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்தேன். உள்ளே சாம்பிராணி போட்டேன். எல்லாம் செய்து முடித்தபோது அண்டா, சாம்பிராணி போட்ட பீர் மாதிரி மணத்தது. லயத்து ஆம்பிளைகளுக்கு அந்த வாசம் எப்படியோ எட்டிவிட்டது. பீலியில் ஒரு குடம் தூக்கி அறியாதவர்கள், "அண்டாவுக்குத் தண்ணி நாங்க ஊத்துறோம் அக்கா," என்று வரிசையில் நின்றார்கள். ஊற்றிவிட்டு, குனிந்து, கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சடங்கன்று அண்டாவை இஸ்தோப்பு வாசலில் வைத்து, குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அது போதாதென்று குழாயைச் சுற்றிப் பூச்சரமும் மாவிலையும் கட்டினேன். வாய்வரை இளஞ்சூடான மஞ்சள் தண்ணீர் நிரப்பினேன். நிரம்பிய அண்டாவை ஒற்றை ஆள் அசைக்க முடியாது. என் நம்பிக்கை முழுவதும் அந்தப் பாரத்தில்தான் இருந்தது.

தப்பு மேளம் முழங்கத் தம்பி வந்தான். பின்னால் அவன் பெண்சாதியும் உறவுக்காரர்களும் சீர்த் தட்டுகளோடு வந்தார்கள். சேலை, வளையல், தேங்காய், மஞ்சள், இனிப்பு, ஒன்றிலும் குறையில்லை. எங்கள் முதல் உபசாரத்திலும் குறை வைக்கவில்லை. சந்தனக் கிண்ணம் அவனைத் தவிர வேறு யார் பக்கமும் போகாதபடி நானே கையில் வைத்திருந்தேன். வெற்றிலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். என் வீட்டுக்காரர் நீட்டிய பாக்கை அவன் பார்க்கவே இல்லை. நேராக அண்டாவிடம் போய், அதைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான்.

"அம்மா பேரு எங்க?"

"இருக்குப்பா. அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"சொவத்துப் பக்கம்."

"எங்க அம்மா பேர சொவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்களா?" என்றான். முகம் சிவந்துவிட்டது. "வட்டகொடையில இருந்து தலையில தூக்கிட்டு வந்தவன் நானு! சபையில அம்மா பேரு முன்னால இருக்கணும்னு தெரியாதா?"

சீரில் வந்த பாத்திரத்தின் பெயர் சபையைப் பார்த்து இருக்க வேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழாயை மறைக்கிற அவசரத்தில் அந்தப் பெயரும் சேர்ந்து மறைகிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் பெயருக்கு நேர் கீழே ஓட்டை போட்ட மகராசனால் வந்தது.

"தம்பி, பாரம் ஜாஸ்தி, விடு..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் துண்டை இடுப்பில் கட்டி, அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, ஒரு மூச்சில் திருப்பிவிட்டான். தண்ணீர் தளும்பி அவன் மேலெல்லாம் கொட்டியது. அம்மாவின் பெயர் முன்னால் வந்தது. அதற்குக் கீழே, பூ வைத்துக்கொண்டு, அந்தப் பித்தளை மூக்கும் வந்தது.

தப்பு நின்றது. தழை மறைவுக்குள்ளிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"யாரு வேல இது?"

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான்தான்."

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குழாய்க்கு முன்னால் குந்தினான். பூச்சரத்தை ஒதுக்கினான். இடது கையால் குழாயைத் திருகினான். தண்ணீர் மெல்லிய கோடாக விழுந்தது. மூடினான். மறுபடி திறந்தான். ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தான்.

"அக்கா," என்றான், திரும்பாமலே. "அம்மாவப் பாக்க நான் வந்த அன்னைக்கு வீட்டுல யாரும் இல்ல. நீங்க மலைக்குப் போயிருந்தீங்க. கையில வெறும் டம்ளர வச்சுக்கிட்டு அம்மா இந்த அண்டாப் பக்கத்துல ஒக்காந்திருந்துச்சு. உள்ள நெறயத் தண்ணி இருக்கு. எழும்பி நின்னு மொள்ளத் தெம்பில்ல, கை தூக்க வரல. யாராச்சும் வருவாங்கன்னு ஒக்காந்திருக்கு."

எனக்கு அது தெரியாது. காலையில் ஒரு சொம்பு நிறைய வைத்துவிட்டுத்தான் போவேன். அது போதவில்லை என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. தம்பியும் சொன்னதில்லை. ஊர்ப்பேச்சுக்குப் பயந்த கோபம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"நான் மொண்டு குடுத்தேன். ஒங்க மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு, போயிட்டேன்," என்றான். "இந்தக் கொழா அன்னைக்கு இருந்திருந்தா, அம்மா இடது கையாலேயே புடிச்சுக் குடிச்சிருக்கும்."

தம்பி இரண்டு கையிலும் தண்ணீரைப் பிடித்து முகத்தில் அடித்துக் கழுவினான். கழுவியது போதாமல் இன்னொரு தடவை கழுவினான். பிறகு குழாயை இறுக்கி மூடி, அதன் மூக்கை உற்றுப் பார்த்தான்.

"மச்சான்," என்றான். "லேசா சொட்டுது."

"வாசர் புதுசு, மாப்ள," என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு நாள்ல ஒக்காந்துரும்."

தம்பி தலையை ஆட்டினான். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தான். முகம் சுருங்கியது.

"என்னக்கா, தண்ணி ஒரு மாதிரி மணக்குது?"

"பங்களா வரைக்கும் போயிட்டு வந்த அண்டா, அப்படித்தான் மணக்கும்," என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு இன்னொரு கை பிடித்துக் குடித்தான்.